பிழைத்த பின் பேச வேண்டியவை

(தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "இந்தக் கூட்டத்துக்குப் பொம்பளைகளும் வரலாமா?" என்று சிலர் கேட்டதாக ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். வந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் பாதிப் பேர் நீங்கள்தான். மிக்க மகிழ்ச்சி. புராஸ்டேட் சுரப்பி ஆணுக்குத்தான் உண்டு. ஆனால் அதில் புற்று வந்து, சிகிச்சையும் முடிந்த பிறகு நடக்கிற குடும்ப வாழ்க்கை ஆணுக்கு மட்டும் உரியதல்ல. கணவரின் நனைந்த சாரத்தை மூன்று தண்ணீரில் அலசிப் போடுகிறவர், ராத்திரி நாலு தடவை எழுந்து விளக்கைப் போடுகிறவர், பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்ட கணவரைப் பார்த்து "நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்று நிற்கிறவர், இவர்கள் எல்லோரும் அந்த நோயோடுதான் வாழ்கிறார்கள்.

நான் சிறுநீரியல் அறுவை மருத்துவன். ஊரில் சொல்வதுபோல் 'கிட்னி டாக்டர்'. புற்று வராமல் தடுப்பது எப்படி என்று பேச இன்றைக்கு நான் வரவில்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து, கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்ச் சிகிச்சை முடித்து, ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, "நோய் கட்டுக்குள் இருக்கிறது, போய் வாருங்கள்" என்று மருத்துவமனை அனுப்பிவிட்ட மனிதன் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறான் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பக்கவிளைவு என்பது சிகிச்சைக்கு அப்பால் நடக்கிற சில்லறை விஷயம் அல்ல. அதுவும் சிகிச்சையைச் சேர்ந்தது. அதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே, நோயாளிக்குப் புரிகிற தமிழில், மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லியாக வேண்டும். என் பேச்சின் சுருக்கம் இவ்வளவுதான்.

இந்த ஊரில் இதை ஏன் இப்போது பேச வேண்டும்? நம் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அன்று இருபது வயதில் முத்துச்சிப்பிப் பாருக்குப் போய் மூழ்கிய குளியாளிக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். நம் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ல். அந்தச் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் இன்று எழுபதைத் தாண்டிய ஓய்வூதியர்கள். புராஸ்டேட் புற்று பெரும்பாலும் அறுபத்தைந்து வயதுக்கு மேல் வருகிற நோய். திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் உப்பளத்துத் தெருக்களிலும் அந்த வயதுக்காரர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். முந்தைய தலைமுறையில் இந்த வயதுவரை பிழைத்திருந்தவர்கள் குறைவு. இவர்கள் பிழைத்திருக்கிறார்கள், சிகிச்சைக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருக்கப் போகிறார்கள். அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் தானே விளங்கிவிடும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது. பின்னால் மலக்குடல். அடியில் சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற தசை. இரண்டு பக்கத்திலும், விறைப்புக்குக் காரணமான நரம்புகள் மெல்லிய நூலாக ஒட்டி ஓடுகின்றன. இவ்வளவு நெருக்கமான இடத்தில் கத்தியை வைத்தாலும் கதிரைப் பாய்ச்சினாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவை தப்புவது கடினம். பக்கவிளைவு வந்தால் அது மருத்துவரின் கவனக்குறைவு என்றும் இல்லை, நோயாளி செய்த பாவம் என்றும் இல்லை. இடம் அப்படி.

பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெயர் புரொடெக்ட். சுரப்பியை விட்டு வெளியே பரவாத புற்று உள்ள 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை, ஒரு பிரிவுக்குக் கதிர், மூன்றாவது பிரிவுக்கு உடனே எதுவும் செய்யாமல் தொடர்ந்து கண்காணிப்பு. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2023-ல் முடிவைச் சொன்னார்கள். புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். மூன்று பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அன்றாட வாழ்க்கையில் வேறுபாடு இருந்தது. அறுவை முடிந்த ஆறாவது மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் சிறுநீர்க் கசிவுக்காக உறிஞ்சு பட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்தும் 17 பேருக்கு அந்தத் தேவை இருந்தது. தாம்பத்தியத்துக்குப் போதுமான விறைப்பு ஆறாவது மாதத்தில் கண்காணிப்புப் பிரிவில் 52 பேருக்கு, கதிர்ப் பிரிவில் 22 பேருக்கு, அறுவைப் பிரிவில் 12 பேருக்கு.

அவர்கள் ரத்தப் பரிசோதனையில் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். நம்மிடம் பலர் நீர் அடைத்துக்கொண்டு டியூப் போட்ட பிறகு, அல்லது இடுப்பெலும்பு வலி தாங்காமல்தான் வருகிறார்கள். அவர்களுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்ட, மெதுவாக வளர்கிற புற்று என்றால், "டாக்டர், உடனே எதுவும் செய்யாமல் கவனித்துக்கொண்டு வரலாமா?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அது கோழைத்தனமான கேள்வி அல்ல.

இனி கசிவுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிக நேரம் பேசப் போகிறேன். ஏனென்றால் ஆண்களை வீட்டுக்குள் முடக்குவதில் புற்றைவிட இதுதான் மோசமானது.

அறுவைக்குப் பிறகு டியூப்பை எடுத்ததும் இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும், நாற்காலியிலிருந்து எழுந்தால் சொட்டும். வலை இழுக்கிறவர், உப்பு சுமக்கிறவர், மூடை தூக்குகிறவர் பாரத்தை எடுக்கிற அந்தக் கணத்தில் கசியும். சங்கு குளிக்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியாது. "கடலுக்குள்ள எல்லாரும் நனைஞ்சுதான் கெடக்கோம், ஒண்ணும் தெரியல டாக்டர். கரையேறி நாலு பேரு முன்னால நிக்கும்போதுதான் என் சாரம் மட்டும் காயாம நிக்கது தெரியுது." அதன் பிறகு அவர் கரையில் நிற்பதை விட்டுவிட்டார். ஏலம் போடுகிற இடத்துக்கு வருவதில்லை. டீக்கடைக்குப் போவதில்லை. கோயில் திருவிழாவில் கடைசி வரிசையில், பக்கவாசல் ஓரமாக நின்று சீக்கிரம் கிளம்பிவிடுவார். பனிமய மாதா திருவிழாக் கூட்டத்தில் அப்படி ஓரமாக நிற்கிற பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். திருச்செந்தூர்க் கோயில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க முடியாது என்று போவதையே நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒளு என்கிற தொழுகைச் சுத்தம் நிற்காதே என்று பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். இடைவிடாமல் கசிகிறவருக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை உண்டு. ஆலிம்களைக் கேட்டால் விவரம் சொல்வார்கள். ஆனால் அவர்களிடம் போய்க் கேட்கத்தான் நாக்கு எழ மாட்டேன் என்கிறது.

கசிகிறதே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய கெடுதல். நம் வெயிலில், அதுவும் உப்பளத்து வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை எரிச்சல்படுத்தி, அடக்க முடியாத அவசரத்தைக் கொண்டுவரும். கல்லும் சேரும், கிருமியும் சேரும். குறைக்க வேண்டியது டீயையும் காப்பியையும். தண்ணீரைப் பகலில் பிரித்துப் பிரித்துக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொண்டால் போதும்.

இதற்கு முதல் மருந்து கடையில் கிடைப்பதல்ல, உடற்பயிற்சி. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தவும், காற்றுப் பிரியாமல் அடக்கவும் எந்தத் தசையை இழுத்துப் பிடிக்கிறோமோ அந்த இடுப்புத் தளத் தசைதான் நமக்கு வேண்டியது. அதை மேலே இழுத்து ஐந்து வினாடி பிடியுங்கள், விடுங்கள். அதே அளவு நேரம் ஓய்வு. பத்து முறை. காலை, மதியம், இரவு. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. போகப் போகப் பத்து வினாடி வரை கொண்டுபோகலாம். தசை எது என்று கண்டுபிடிக்க ஒன்றிரண்டு முறை சிறுநீரை நிறுத்திப் பார்க்கலாம், அதையே வழக்கமாக்கக் கூடாது. எழும்போதும் இருமும்போதும் பாரம் தூக்கும்போதும் முதலில் அந்தத் தசையை இழுத்துப் பிடித்துவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி தூக்க வேண்டும். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே இதைத் தொடங்கினால் பலன் அதிகம்.

இந்தப் பயிற்சியை 1948-ல் எழுதி உலகுக்குச் சொன்னவர் ஆர்னால்டு கேகல் என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவர். பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சிறுநீர் கசிவதைப் பார்த்து, அவர்களுக்காகவே கண்டுபிடித்த பயிற்சி இது. இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களில் பலருக்கு இது புதிதல்ல. பேறுகாலத்துக்குப் பிறகு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருப்பார். இருமும்போது சொட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தவர்கள்தான். ஆகவே உங்கள் வீட்டு ஆணுக்கு முதல் பயிற்சியாளர் நீங்களாகவே இருக்கலாம். கேட்பதற்கு அவர் கூச்சப்படுவார். நீங்கள் தொடங்குங்கள்.

பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறையத் தொடங்கி, ஓராண்டுக்குள் நல்ல நிலைக்கு வரும். வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிறுநீர்க்குழாயைத் தாங்கிப் பிடிக்கிற நாடா வைக்கலாம். செயற்கை அடைப்பான் பொருத்தலாம். செயற்கை அடைப்பான் 1970-களிலேயே வந்துவிட்டது, ஆனால் விலை இன்னும் நம் மக்களுக்கு எட்டவில்லை. கடலுக்குப் போகிறவருக்கும் தொலைதூரப் பேருந்தில் போகிறவருக்கும் ஆணுறைபோல மாட்டிக் குழாய் வழியாகப் பையில் சேர்க்கிற உறை இருக்கிறது. டியூப் போல உள்ளே போவதில்லை, விலையும் குறைவு. டயப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று முப்பது நாற்பது ரூபாய். நாளைக்கு மூன்று என்றால் மாதம் மூவாயிரம் ரூபாய் அளவு. காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்கிறது, டயப்பரைப் பார்ப்பதில்லை. அதனால் நம் ஆட்கள் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கோவணமாகக் கட்டிக்கொள்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுத்தமான பருத்தித் துணி, அடிக்கடி மாற்றினால் நல்லதே. ஈரத்தோடு விட்டால்தான் ஆபத்து. உப்புக்காற்றும் சிறுநீரும் சேர்ந்து தொடையிடுக்கு வெந்துபோகும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பேச எல்லோரும் தயங்குகிற விஷயம், விறைப்பு. 1981-ல் ஹாலந்தில் லைடன் நகரத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டாங்கர், பிறக்கும்போதே இறந்த ஒரு ஆண் குழந்தையின் உடலைக் கூறாய்ந்து, விறைப்புக்கான நரம்புகள் எந்த வழியாகப் போகின்றன என்று காட்டினார். அருகில் இருந்து பார்த்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் பேட்ரிக் வால்ஷ். அந்த நரம்புகள் சுரப்பிக்கு உள்ளே இல்லை, வெளியே ஒட்டிப் போகின்றன என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டே அந்த நரம்புகளைக் காப்பாற்றி வால்ஷ் அறுவை செய்தார். அதுவரை இந்த அறுவைக்குப் போன ஏறக்குறைய எல்லா ஆண்களும் அந்தத் திறனை இழந்தே வந்தார்கள். இன்றைக்கும் புற்று நரம்பை நெருங்கியிருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றினாலும் திரும்ப வர ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம்.

அந்த இடைவெளியில் நம் ஊர் ஆண் எங்கே போகிறான்? பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிற சுவரொட்டியைப் பார்த்து, மாதம் ஒருமுறை இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வந்து தங்குகிற 'ஆண்மை' வைத்தியரிடம் போகிறான். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெயர் தெரியாத லேகியத்தையும் மாத்திரையையும் வாங்குகிறான். அந்த மாத்திரை சிலவற்றில் ஆங்கில மருந்தான சில்டினாஃபிலையே அரைத்துக் கலந்திருப்பார்கள். அதே மருந்தை முறையாக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மிகக் குறைந்த செலவில் முடியும். பணத்தைவிட உயிர் முக்கியம், அதனால் சத்தமாகவே சொல்கிறேன். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கிறவர் சில்டினாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து ஆள் சாய்ந்துவிடுவார். லேகியத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுகிறவருக்கு இந்த எச்சரிக்கையைச் சொல்ல யாரும் இல்லை.

கரண்ட் வைத்தவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிகிச்சை நடக்கும் வாரங்களில் எரிச்சல், அவசரம், வயிற்றுப்போக்கு, அசதி எல்லாம் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். ஏமாற்றுவது அதற்குப் பிறகு வருவது. எல்லாம் முடிந்து ஓராண்டு, சில சமயம் பல ஆண்டு கழித்து மலத்தில் ரத்தம் போகும். உடனே மூலம் என்று முடிவு கட்டி, 'மூலம் பௌத்திரம்' பலகை தொங்குகிற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கதிர் பட்ட குடலில் ஊசி போடுவதும் கீறுவதும் சதை எடுப்பதும் ஆறாத புண்ணாகி, துளை விழுகிற அளவுக்குப் போய்விடலாம். "எனக்கு இந்த வருஷம் இந்த இடத்தில் கதிர்ச் சிகிச்சை நடந்தது" என்பதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் வாய் திறந்து முதலில் அதைச் சொல்லுங்கள்.

இப்போது ஊசி. ஆணின் ஹார்மோனைக் குறைத்தால் பரவிய புராஸ்டேட் புற்றும் ஒடுங்கும் என்று 1941-ல் சிகாகோவில் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். விரைகளை எடுப்பதுதான் அன்று வழி. பிறகு ஊசி வந்தது, மூளையிலிருந்து விரைக்குப் போகிற உத்தரவையே அது நிறுத்திவிடும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும், ஒவ்வொன்றும் பல ஆயிரம். அதனால் ஏழை நோயாளிக்கு நம் நாட்டில் இன்றும் விரை நீக்க அறுவைதான் நடக்கிறது. ஒரே தடவை, செலவு குறைவு, பலன் ஊசிக்குக் குறைந்ததல்ல. மருத்துவ ரீதியாக அதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அது எப்படிச் சொல்லப்படுகிறது? "சின்ன ஆபரேஷன்தான், கையெழுத்துப் போடுங்க" என்று. வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரித்துக் குளிக்கும்போதுதான் தன் உடம்பில் என்ன இல்லை என்று அவருக்குத் தெரிகிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வறுமை காரணமாக ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறவருக்கும் அது என்ன வழி என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கிற உரிமை உண்டு. உள்ளே இருக்கிற சதையை மட்டும் எடுத்து மேலுறையை விட்டுவைத்தால் பை வெறுமையாகத் தெரியாது. அப்படிச் செய்ய முடியும் என்று அவரிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.

ஊசியானாலும் அறுவையானாலும் ஹார்மோன் போன பிறகு உடம்பு மாறும். வயதான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது வருமே, அதே போன்ற அனல், முகத்தில் தொடங்கி மார்பு வரை பொங்கி, வேர்த்துக் கொட்டி, பிறகு குளிரும். மே மாதத்துத் தூத்துக்குடியில் இது இரட்டை வெயில். அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன, கேளுங்கள். தசை கரைந்து வயிறு பெருக்கும். சர்க்கரை ஏறும், ஏற்கெனவே இருந்தால் கட்டுக்கு அடங்காது. இதயத்துக்கும் சுமை. எலும்பு முதல் ஆண்டிலேயே மெலியத் தொடங்கும். வள்ளத்திலிருந்து கால் தவறி விழுந்தால் முன்பு வீக்கம் வந்திருக்கும், இப்போது இடுப்பெலும்பு முறியும். ஊசி தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியும் சாளையும் கேழ்வரகும் நல்லவை, அவற்றோடு கால்சியமும் வைட்டமின் டியும் மருத்துவர் சொல்லும் அளவில் தேவைப்படலாம். புகையிலையை விட்டுவிடுங்கள். ஊசியோடு அபிராட்டிரோன் போன்ற புற்று மாத்திரையும் சாப்பிடுகிறவர் கால் வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும்.

ஓய்வெடு, ஓய்வெடு என்று வீட்டார் கட்டிலில் உட்கார வைத்துவிடுவது அன்பினால்தான். ஆனால் இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்கு ஓய்வு நல்லதல்ல. பாரம் தூக்கிச் செய்கிற பயிற்சி தசையையும் பலத்தையும் மீட்டுத் தருகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். எலும்பில் புற்று பரவியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்தாவது தொடங்கலாம். கடற்கரை மணலில் தினமும் நடக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. முதுகு வலியோடு கால் பலம் திடீரென்று குறைந்தாலோ மரத்துப்போனாலோ அதை ஊசியின் விளைவு என்று எண்ணி வீட்டில் இருக்கக் கூடாது. தண்டுவடம் அழுந்துகிற அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மார்பு பெருப்பதையும் சொல்லியாக வேண்டும். சில மாத்திரைகளால் ஆணின் மார்பு வீங்கும், வலிக்கும், சட்டை உரசினாலே கூசும். மற்ற ஊர்களில் இதை மறைத்துவிடலாம். நம் கரையில் ஆண்கள் வெற்றுடம்போடு வாழ்கிறவர்கள். தோணியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர், நாற்பது ஆண்டு வெற்றுடம்போடு வலை பொத்தியவர், நடுப்பகல் வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று விளையாட்டாகக் கேட்டார்கள். மறுநாள் அவர் வலை பொத்துகிற இடத்துக்கே வரவில்லை. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் அங்கேயும் போவதில்லை. மாத்திரை தொடங்கும் முன்பே மார்பில் சிறு அளவு கதிர் கொடுத்தோ, தமாக்சிஃபென் என்ற மாத்திரை கொடுத்தோ இதைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம். வீங்கி இறுகிய பிறகு தடுக்க முடியாது. முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மனசும் மாறும். எளிதில் கோபம், எளிதில் கண்ணீர். அப்பன் செத்தபோது அழாதவர், பேத்தி பள்ளிக்கூடம் போகிறதைப் பார்த்து அழுவார். அதுவும் ஹார்மோன் போனதன் விளைவுதான், பைத்தியம் இல்லை. ஆனால் "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தால் அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

இந்த மௌனம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2023 டிசம்பரில் அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டினுக்குப் புராஸ்டேட் அறுவை நடந்தது. சிக்கல் வந்து 2024 ஜனவரி முதல் தேதி மீண்டும் மருத்துவமனைக்குப் போனார். உலகின் மிக வலிமையான படையை நிர்வகித்தவர் தன் அதிபரிடமே சொல்லவில்லை, சில நாள் வெள்ளை மாளிகைக்கே தெரியாது. மறுபக்கம் நெல்சன் மண்டேலா. 2001-ல், 83 வயதில், தனக்குப் புராஸ்டேட் புற்று என்றும் கதிர்ச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன் என்றும் நாட்டுக்கு வெளிப்படையாக அறிவித்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

முத்துக் குளித்த காலத்தில் குளியாளி கல்லைக் கட்டி இறங்குவான், மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கையின் தாலி அவன் கையில், விடமாட்டான். ஆனால் எவ்வளவு பாசமுள்ள மச்சானானாலும், கீழே இருக்கிறவன் கயிற்றை அசைத்தால்தான் இழுப்பான். மூச்சு முட்டுகிறது என்று மேலே இருப்பவனுக்குத் தானாகத் தெரியாது. சிகிச்சை முடிந்த ஆண்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கயிற்றை அசையுங்கள். மனைவியிடம், மகனிடம், நர்ஸிடம், யாரிடமாவது. திண்ணையில் படுக்கப் போனது வெறுப்பினால் இல்லை, படுக்கை நனைந்துவிடுமே என்ற பயத்தினால் என்று ஒரு வாக்கியம் சொன்னால், அந்த வீட்டில் ஆறு மாதச் சந்தேகம் ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும். தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் செய்தது இவ்வளவுதான். பாயின் மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, "இங்கனயே படுங்க" என்றார்.

மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒன்று கேட்கிறேன். கையெழுத்து வாங்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கசிவு, விறைப்பு, குடல், எலும்பு, மனசு என்று ஒவ்வொன்றையும் பேசுங்கள். இடுப்புத் தளப் பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அறுவைக்கு முன்பே அனுப்புங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வருகின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்கிற அதே வாயால், "ஐயா, சிறுநீர் கசிகிறதா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்குமாறு அந்தத் திட்டப் பணியாளர்களிடம் சொல்லுங்கள். அரசாங்கத்துக்கு ஒன்று. டயப்பரையும் சிறுநீர் உறையையும் காப்பீட்டில் சேருங்கள்.

கடைசியாக இந்த அவையில் இருக்கிற மாநகராட்சி உறுப்பினர்கள், துறைமுகத்தில் பொறுப்பில் இருப்பவர்கள், மீனவர் சங்கத்தார், கோயில் நிர்வாகத்தார், பங்குப் பேரவையினர், ஜமாஅத்தார் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்கள் கழிப்பறையில் நனைந்த டயப்பரைப் போட ஒரு தொட்டி கிடையாது. அதைப் பொட்டலமாகக் கட்டி மஞ்சள் பையில் வைத்து வீடுவரை சுமந்து போகிறார்கள், இல்லையென்றால் வெளியே வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். மீன்பிடித் துறைமுகத்தில், பேருந்து நிலையத்தில், ரயிலடியில், கோயிலில், பள்ளிவாசலில், மாதா கோயில் வளாகத்தில், ஆண்கள் கழிப்பறைக்குள், கதவைச் சாத்திக்கொள்கிற அறைக்குள், மூடி போட்ட ஒரு குப்பைத்தொட்டி வையுங்கள். விலை சில நூறு ரூபாய். அடுத்த ஆகஸ்டில் வரும் பனிமய மாதா திருவிழாவுக்குள் செய்துவிடலாம்.